ஏர் ரைஃபிள் 10 மீட்டர்: ஸ்கோர் ஏறவே மாட்டேங்குது, வீட்ல என்ன டிரில் பண்ணலாம்?

மலைக்கோட்டை_ஷூட்டர்:
எல்லாருக்கும் வணக்கம். கிளப்ல சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகுது, ஸ்டாண்டிங்ல 60 ஷாட்டுக்கு 590 பக்கத்துலயே நிக்குது. முதல் ரெண்டு சீரிஸ் (பத்து பத்து ஷாட்) நல்லா வருது, அப்புறம் குரூப் (ஷாட் எல்லாம் விழுற கூட்டம்) இடதும் வலதுமா விரியுது. ரேஞ்சுக்கு சனி ஞாயிறு தான் போக முடியும், ரைஃபிள் வீட்ல இருக்கு (பிசிபி, அதாவது சிலிண்டர்ல முன்கூட்டியே காத்து அடைச்சு சுடுறது). கோச் "டிரை ஃபயர் பண்ணு"ன்னு (பெல்லட், அதாவது குண்டு போடாம டிரிகரை மட்டும் அழுத்திப் பழகுறது) சொல்லிட்டு போயிடுறார், எப்படின்னு யாராவது சொல்லுங்களேன்.

பழைய_ஜாக்கெட்:
தம்பி, முதல்ல பெல்லட் டப்பாவை வேற ரூம்ல வச்சுட்டு, சேம்பர் காலியான்னு ஒருக்கா பாத்துட்டு ஆரம்பிங்க. உங்க ரைஃபிள்ல டிரை ஃபயர் மோட் இருக்கும், அதைப் போட்டுக்கோங்க. ஸ்பிரிங் ரைஃபிள் வச்சிருக்கவங்க இதைப் படிச்சுட்டு பெல்லட் இல்லாம சுட்டுடாதீங்க, பிஸ்டன் சீல் போயிடும்.

டார்கெட்டே வேணாம், வெறும் வெள்ளை சுவர் போதும். கறுப்பு புள்ளி இருந்தா கண்ணு அதுலயே ஒட்டிக்கும், டிரிகர் விரல் என்ன பண்ணுதுன்னே தெரியாது. சுவரைப் பாத்து டிரிகரை அழுத்துங்க, க்ளிக்னு கேட்டதும் ரைஃபிளை இறக்காம ரெண்டு மூணு செகண்ட் அப்படியே நின்னு ஃப்ரண்ட் சைட் (குழல் முனையில இருக்குற குறி) எந்தப் பக்கம் துள்ளுச்சுன்னு பாருங்க. வலது பக்கம் துள்ளுதுன்னா விரல் நேரா பின்னாடி வரல, அவ்ளோதான். போர் அடிக்கும், அதனால அரை மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க.

நீலிங்_நாராயணி:
விரல் சரி, ஆனா பாதி மேட்ச்க்கு அப்புறம் விரியுதுன்னா எனக்கு காலைத் தான் சந்தேகம். பொசிஷன் எடுத்து டார்கெட்ல வச்சுட்டு கண்ணை மூடி ரெண்டு மூச்சு விட்டுட்டு திறந்து பாருங்க. சைட் இடது பக்கம் போயிருந்தா கையால இழுத்து நடுவுல கொண்டு வரக்கூடாது, பின்னங்காலை கொஞ்சமே கொஞ்சம் நகர்த்தி மறுபடி கண்ணை மூடி செக் பண்ணணும். கையால இழுத்துப் பிடிச்சா முதல் இருபது ஷாட் தாங்கும், தசை களைச்சதும் அது போற பக்கமே போயிடும், உங்களுக்கு நடக்குறது இதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். பத்தாவது வளையம் வெறும் 0.5 மிமீ, பெல்லட்டே 4.5 மிமீ, இதுல இழுத்துப் பிடிச்சு ஜெயிக்க முடியாதுங்க.

மலைக்கோட்டை_ஷூட்டர்:
அக்கா, நடு மேட்ச்ல கண்ணை மூடி செக் பண்ண டைம் இருக்குமா?

நீலிங்_நாராயணி:
தாராளமா இருக்கு தம்பி. 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம், சைட்டிங் (கணக்குல சேராத டிரையல் ஷாட்) 15 நிமிஷம் தனி. பத்து ஷாட்டுக்கு ஒரு தடவை செக் பண்ணாலே போதும்.

ரிஜெக்ட்_ராஜா:
ரெண்டு பேரும் சொன்னது ஓகே, ஆனா இறக்கி வைக்கிற டிரில்லை யாருமே சொல்லல. எய்ம் பண்ணி எட்டு பத்து செகண்டுக்குள்ள விடலன்னா இறக்கிடணும், எவ்ளோ நல்லா தெரிஞ்சாலும் சரி. அதுக்கு மேல பிடிச்சா கண்ணு பொய் சொல்ல ஆரம்பிச்சுடும். வீட்ல ரைஃபிள் ஆடாம நல்லா நிக்கும்போதும் வேணும்னே சுடாம இறக்கிப் பழகுங்க. அப்புறம் ரேஞ்சுல ஸ்கிரீனைப் பாக்குறதுக்கு முன்னாடி "ரெண்டு மணி பக்கம் 9.8"ன்னு வாயால சொல்லிட்டு பாருங்க. சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போகலன்னா நீங்க ஷாட் விடுற நேரத்துல சைட்டையே பாக்கலன்னு அர்த்தம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஃபைனல்ல கடைசி ஷாட்டுக்கு முன்னாடி நம்ம அபினவ் பிந்த்ராவும் ஃபின்லாந்துக்காரரும் சமம், அப்போ பிந்த்ரா விட்டது 10.8 (ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சமே 10.9), தங்கம் அவருக்கு. அதனால பிராக்டிஸ் முடிஞ்சு பேக் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஷாட், டீ பந்தயம் வச்சு விடுங்க, யார் யாருக்கு கை நடுங்குதுன்னு தெரிஞ்சுடும்.

மலைக்கோட்டை_ஷூட்டர்:
நன்றி அண்ணா, அக்கா. இன்னைக்கே வெள்ளை சுவர்ல ஆரம்பிக்கிறேன். ஜாக்கெட் போட்டுட்டா, போடாமலா?

பழைய_ஜாக்கெட்:
போட்டுட்டு தான், ஷூவும் சேத்து. வேர்க்கும், ஃபேனைப் போட்டுக்கோங்க.