டி ரெக்ஸ் வால் தரையில் கிடக்கலாமா?

ஹட்டன் சேர்:
நுவரெலியா சீசனுக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டுகிறேன் என்று ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார். தேயிலைச் சரிவில் திறந்திருக்கும் டைனோசர் பூங்காவில் நின்றுகொண்டு, "எல்லாமே நிஜ அளவு, உயிரோட இருந்தப்போ எப்படி நின்னுச்சோ அப்படியே செஞ்சிருக்காங்க" என்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் டி ரெக்ஸ் வாலைத் தரையில் போட்டுக்கொண்டு, கங்காரு போல நிமிர்ந்து நிற்கிறது. இதுவா அப்படியே?

டி ரெக்ஸின் உடம்பு இடுப்பில் தங்கிக் கிடையாக நிற்கும். முன்னால் கனத்த தலை, பின்னால் கனத்த வால், ஒன்று மற்றதைச் சமன் செய்யும். வாலை இழுத்துக்கொண்டு நடந்திருந்தால் கால்தடங்களுக்கு நடுவே கோடு விழுந்திருக்க வேண்டும். கிடைத்திருக்கும் டைனோசர் தடங்களில் அந்தக் கோடு மிக அபூர்வம். நியூயோர்க் அருங்காட்சியகத்தில் 1915இல் எலும்புகளை இப்படித்தான் நிமிர்த்தி வைத்தார்கள். பிழை என்று தெரிந்து 1990களில் பிரித்து, கிடையாக மாற்றிப் பூட்டினார்கள். அவர்கள் கழித்துப் போட்டதை நம்மவர்கள் எடுத்துவந்து டிக்கட் போட்டுக் காட்டுகிறார்கள்.

ஊர்சுத்தி:
அந்த வீடியோ என்னுடையதுதான் சேர். அவ்வளவு நீள வீடியோவில் உங்களுக்கு வால் மட்டும்தான் கண்ணில் பட்டதா? பனிமூட்டம் விலகும்போது அவ்வளவு பெரிய உருவம் தலைக்கு மேலே தெரிகிறது, பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்கு ஒரு வார்த்தை இல்லை. முதலில், நீங்கள் நேரில் போனீர்களா?

ஹட்டன் சேர்:
வால் தரையில் கிடப்பதைப் பார்க்க டிக்கட் வேறு எடுக்க வேண்டுமா? உங்கள் வீடியோவிலேயே நன்றாகக் கிடக்கிறது.

சும்மா வாசகன்:
'அப்படியே' என்பது எதில்? அளவிலா, நிறத்திலா, நிற்கும் விதத்திலா? அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள். அங்கே பறந்துகொண்டிருக்கும் டெரனோடான் டைனோசரே இல்லை, அதையும் யாரும் கேட்கவில்லை.

பட்டறை பாஸ்:
தலவாக்கலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. சேர் படத்தைப் பார்க்கிறார், நான் பாரத்தைப் பார்க்கிறேன். உள்ளே இரும்புக் கம்பிக்கூடு, மேலே ஃபைபர். கனம் குறைவு, காற்றுப் பிடிக்கும் பரப்பு பெரிது. ஜூன், ஜூலையில் இங்கே அடிக்கிற காற்று லயத்துத் தகரத்தையே கழற்றிக்கொண்டு போகும். இரண்டு கணுக்காலில் அந்த உருவத்தை நிறுத்தினால் தள்ளுகிற விசை முழுக்க அந்த இரண்டு வெல்டிங்கில்தான் விழும். வாலைக் கீழே இறக்கினால் மூன்று இடத்தில் ஊன்றி நிற்கும். வேலை தெரிந்தவன் செய்த வேலை அது.

ஹட்டன் சேர்:
பாஸ், வேலை தெரிந்தவன் பாதத்துக்கு அடியில் கொங்கிரீட் போட்டு, தகடு பதித்து, போல்ட் அடித்து, காலுக்குள் தடித்த குழாய் ஏற்றுவான். வால் தானாக மேலே நிற்கும். முக்காலி செய்துவிட்டு டைனோசர் என்று பெயர் வைக்கக் கூடாது.

பட்டறை பாஸ்:
தடித்த குழாய் என்ன விலை என்று தெரியுமா? உங்கள் டியூசன் காசில் வாங்கித் தருவீர்களா?

ஹட்டன் சேர்:
என் டியூசன் காசு இங்கே எதற்கு? வாலுக்கு வாருங்கள்.

லிந்துலை அம்மா:
நான் பிள்ளைகளோடு போய் வந்தவள், அதனால் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு அங்கே பிடித்ததே அந்த வால்தான். ஏறி ஏறிச் சறுக்கி, நுனியில் பச்சைப் பெயிண்ட் முழுக்கத் தேய்ந்து வெள்ளை ஃபைபர் பல்லைக் காட்டுகிறது. ஓரிடத்தில் வெடித்துக் கம்பியும் வெளியே நிற்கிறது, என் சின்னவனின் காற்சட்டை அதில் மாட்டிக் கிழிந்தது. பக்கத்தில் ஏற வேண்டாம் என்று ஒரு போர்டு இருக்கிறது, சிங்களத்தில் மட்டும். வாலுக்கு இவ்வளவு சண்டை போடுகிறவர்கள் அந்தப் போர்டில் தமிழ் இல்லாததற்கு ஒரு சண்டை போடலாமே?

கொழுந்துக்கூடை:
அக்கா சொன்னதுதான் சரி. அதோடு டிக்கட்டையும் பேசுங்கள். கொழுந்து பறிக்கிற ஒரு குடும்பம் நான்கு பேராகப் போனால் அன்றைய சம்பளம் வாசலிலேயே முடிந்துவிடும். உள்ளே தேத்தண்ணி விலை கேட்டால் அந்தத் தேயிலையை நாம்தான் பறித்தோம் என்று சொல்லத் தோன்றும்.

வடமராட்சி:
டைனோசருக்கும் உங்கட மலைக்கும் என்ன சம்பந்தம்? எங்கட சுண்ணாம்புக் கல்லிலயாவது பழைய கடல் சிப்பி கிடக்கு. அங்க இரத்தம் குடிக்கிற அட்டையைத் தவிர என்ன இருக்கு?

கொழுந்துக்கூடை:
எல்லாவற்றுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து சான்றிதழ் வாங்கித்தான் ஆக வேண்டுமா? இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் என்று எலும்புகள் வந்திருக்கின்றன. ஒழுங்காகத் தோண்டினால் டைனோசரும் வரும்.

ஹட்டன் சேர்:
வராது. டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 இலட்சம் வருடங்கள் ஆகின்றன. மாணிக்கக் குழி எலும்புகள் அதோடு ஒப்பிட்டால் நேற்றையவை. நம் மலைப் பாறை, முதல் டைனோசர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே நிலத்துக்கு அடியில் வெந்து உருமாறியது, அதற்குள் எலும்பு தேட முடியாது. இந்த நாட்டில் டைனோசர்கள் வாழ்ந்த யுராசிக் காலப் படிவு என்றால் புத்தளம் பக்கம் தப்போவ, ஆண்டிகம. அங்கே கிடைத்தவை தாவரப் படிவங்கள். வடமராட்சியாரின் சுண்ணாம்புக் கல் மயோசீன் காலத்தது, அதுவும் டைனோசர் செத்துப் பல கோடி வருடம் கழித்து வந்தது. ஆக இரண்டு பேரும் பெருமைப்பட ஒன்றுமில்லை. எலும்பு வேண்டுமென்றால் கடல் தாண்டி அரியலூருக்குப் போங்கள். அங்கே கல்லமேட்டில் கிடைத்ததை 1987இல் புருஹத்காயோசோரஸ் என்ற டைனோசர் என்று எழுதினார்கள். அந்த எலும்பும் உதிர்ந்து போய்விட்டது.

இவ்வளவும் பேசினாலும் வால் தரையில் கிடக்கக் கூடாது.

வடமராட்சி:
நான் எப்ப பெருமைப்பட்டனான்? சிப்பி இருக்கு எண்டுதான் சொன்னன்.

கொழுந்துக்கூடை:
அட்டை என்றும் சொன்னீர்கள். அது ஸ்க்ரீன்ஷொட்டில் இருக்கிறது.

ஊர்சுத்தி:
சேர் பாறை பற்றிப் பேசுவது நல்ல வேடிக்கை. சிவனொளிபாத மலைதான் நாட்டிலேயே உயரம் என்று போன சீசனில் இதே இடத்தில் அடித்துப் பேசியவர் இவர். பிதுருதலாகல 2524 மீட்டர், சிவனொளிபாதம் 2243 மீட்டர். அன்றைக்குக் காணாமல் போனவர் இன்றைக்கு வாலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஹட்டன் சேர்:
நான் சொன்னது பார்வைக்கு. மஸ்கெலியாவிலிருந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். இதை அன்றைக்கே விளக்கினேன், படிக்காதது உங்கள் பிரச்சினை.

ஊர்சுத்தி:
சரி, இலண்டனுக்குப் போவோம். கிறிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854இல் வைத்த இகுவானோடான் என்ற டைனோசரின் சிலை இன்னும் நிற்கிறது. பெருவிரல் முள்ளைக் கொண்டுபோய் மூக்கில் கொம்பாக ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சிலையை வார்த்த அச்சுக்குள்ளேயே 1853 டிசம்பர் 31 இரவு உட்கார்ந்து விருந்தும் சாப்பிட்டிருக்கிறார்கள். பிழை என்று தெரிந்த பிறகும் ஒருவரும் உடைக்கவில்லை, பாதுகாக்கப்பட்ட சின்னமாக வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கொம்பைப் பிழையாக வைத்தால் பாரம்பரியம், நம் ஆள் வாலைக் கீழே வைத்தால் மட்டும் பொய்யா?

ஹட்டன் சேர்:
அந்தக் காலத்தில் அவர்கள் கையில் இருந்தது கொஞ்சம் எலும்புத் துண்டு. பெல்ஜியத்துச் சுரங்கத்தில் இகுவானோடானின் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தது 1878இல். கையில் இருந்ததை வைத்து ஒழுங்காகச் செய்தார்கள். உங்கள் பூங்காக்காரர் கையில் ஃபோன் இருக்கிறது. தேடினால் முதல் படத்திலேயே வால் மேலே நிற்கும்.

பட்டறை பாஸ்:
படத்தில் காற்று அடிக்காது சேர்.

ஓஎல் பையன்:
எல்லோரும் வாலையே பேசுகிறீர்கள். பூங்காவில் வெலோசிராப்டர் ஆள் உயரத்தில் மொட்டையாக நிற்கிறது. அது உண்மையில் வான்கோழி அளவுதான், இறகும் உண்டு. இறகு ஊன்றிய முடிச்சுகளை முன்கை எலும்பில் பார்த்ததாக 2007இல் ஆய்வு வந்தது. இதுதானே பெரிய பிழை?

ஹட்டன் சேர்:
அதற்குத் தனி இழை தொடங்கு தம்பி. இங்கே வால்.

ஓஎல் பையன்:
வெலோசிராப்டர் மனுசன் உயரம் என்று வகுப்பில் சொன்னதே நீங்கள்தானே சேர்.

ஹட்டன் சேர்:
பின் வரிசையில் கதைத்துக்கொண்டே கேட்டால் அப்படித்தான் கேட்கும்.

ஊர்சுத்தி:
ஹா ஹா. தம்பி, உனக்கு அடுத்த வீடியோவில் இடம் உண்டு.

லிந்துலை அம்மா:
போர்டைப் பற்றிக் கேட்டேன். ஒரு ஆள் பதில் சொல்லவில்லை.

பட்டறை பாஸ்:
அக்கா, அந்த வெடிப்பு வெல்டிங் பிழை இல்லை, ஃபைபர் பூசினவன் பிழை. சேர் அதைப் பிடித்துக்கொண்டு வரப்போகிறார், முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

ஹட்டன் சேர்:
பிடித்துக்கொண்டுதான் வருவேன். வாலை மேலே வைத்திருந்தால் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள், வெடித்திருக்காது, காற்சட்டையும் கிழிந்திருக்காது. எல்லாம் ஒரே பிழையில் வந்து நிற்கிறது.

பட்டறை பாஸ்:
மேலே வைத்திருந்தால் தொங்கியிருப்பார்கள். நம் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியாது.

புசல்லாவை புதுமுகம்:
சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். கொழும்பிலிருந்து தங்கச்சி பிள்ளைகளோடு ரயிலில் வருகிறாள். பூங்காவுக்கு எங்கே இறங்கச் சொல்வது?

ஊர்சுத்தி:
சேரிடம் கேளுங்கள். போகாமலே எல்லாம் தெரிந்தவர்.

ஹட்டன் சேர்:
நானு ஓயாவில் இறங்கி நுவரெலியா பஸ் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே போனதும் வாலைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து இங்கே போடச் சொல்லுங்கள்.

பட்டறை பாஸ்:
கால் வெல்டிங்கையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.