காடை வேட்டையில் சுட்டவர் குற்றமா, சொல்லாமல் வந்தவர் குற்றமா?

ஆஸ்டின் முத்து:
துப்பாக்கிச் சட்டம் பற்றிய இழையில், டிக் சேனி சம்பவத்தை "பெரிய மனுஷனின் அடாவடி" என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே பேச்சு அரசியலுக்குப் போய்விட்டதால் இங்கே தனி இழை. தெரியாதவர்களுக்கு: 2006 பிப்ரவரி 11 மாலை, தெற்கு டெக்சாஸில் ஆர்ம்ஸ்ட்ராங் பண்ணை. அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் சேனி காடை சுடும்போது, கூட வேட்டைக்கு வந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டன் மீது ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சின்ன ஈயக் குண்டுகள்) பாய்ந்தது. முகம், கழுத்து, நெஞ்சு.

விட்டிங்டன் விழுந்த பறவையைத் தேடப் பின்தங்கிவிட்டார். சேனியும் இன்னொருவரும் சுமார் 100 கஜம் தள்ளி அடுத்த காடைக் கூட்டத்துக்குப் போனார்கள். இவர் திரும்பி வந்தபோது குரல் கொடுக்கவில்லை என்று பண்ணைக்காரரே சொன்னார். பக்கம் பக்கமாக நடக்கும் வேட்டை வரிசையை விட்டு விலகியவர் "பின்னால வர்றேன்" என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் நெருங்க வேண்டும். என் கணக்கில் தவறு பாதிக்கு மேல் அவர்மேல்தான்.

குறிஞ்சி:
முத்து சார், குரல் கொடுக்காதது ஒழுங்கு மீறல், சரி. ஆனால் குரல் வரவில்லை என்பதற்காகக் குண்டு கிளம்புவதில்லையே. ட்ரிகரில் விரல் யாருடையது?

காடை, கௌதாரி வேட்டையில் ஒரு வரிசைக்கு மூன்று பேர் போதும். ஆளுக்கு ஆள் 25 முதல் 40 கஜம் இடைவெளி. ஒவ்வொருவருக்கும் முன்பக்கம் சுமார் 45 டிகிரி மட்டுமே சுடும் எல்லை: நடுவில் நிற்பவருக்கு நேர் முன்னால், ஓரத்தில் இருப்பவர்களுக்கு அவரவர் ஓரம். பறவை அந்த எல்லையைத் தாண்டிப் பின்னால் போனால் அது போனதுதான். குழலை வானத்துக்குத் தூக்கிவிட வேண்டும். பறவையைக் குறிவைத்தபடியே தோளோடு சேர்த்துச் சுழலவே கூடாது. சேனி செய்தது அதைத்தான். பின்பக்கம் பறந்த பறவையைத் தொடர்ந்து சுழன்று, மேற்கே சாயும் வெயிலைப் பார்த்துச் சுட்டார். விட்டிங்டன் சுமார் 30 கஜத்தில், கொஞ்சம் பள்ளமான இடத்தில் நின்றிருந்தார். அவர் தாழ்வில் நின்றதால்தான் காயம் மேலுடம்பில் பட்டது.

இன்னொரு விதி, பறவைக்கு அடியில் வானம் தெரிந்தால் மட்டும் சுடு. அடியில் புல்லோ புதரோ தெரிந்தால் அது தாழப் பறக்கும் பறவை. உன் ரவை போகிற உயரமும் மனிதன் நிற்கிற உயரமும் ஒன்று. இந்த ஒரு விதியைக் காத்திருந்தால் விட்டிங்டன் எங்கே நின்றிருந்தாலும் தப்பியிருப்பார்.

ஆஸ்டின் முத்து:
கூர்மையான வாதம். ஆனால் உள்ளூர்க் காவல் அதிகாரியான ஷெரிஃப் விசாரித்து விபத்து என்றே முடித்தார், வழக்கு இல்லை. வெளியே வந்த விட்டிங்டனே, சேனியும் குடும்பமும் பட்ட பாட்டுக்கு வருந்துவதாகச் சொன்னார். சுடப்பட்டவருக்கே இல்லாத கோபம் நமக்கு எதற்கு?

குறிஞ்சி:
அது அவருடைய பெருந்தன்மை. அதை வைத்துத் தவறை அளக்க முடியாது. சேனியும் அந்த வாரமே தொலைக்காட்சியில், சுட்டது நான், பொறுப்பு என்னுடையது என்ற பொருளில்தான் பேசினார். டெக்சாஸ் வனவிலங்குத் துறையின் அறிக்கையும் பறவையைத் தொடர்ந்து குழலைத் திருப்பியதைத்தான் காரணமாகக் குறிக்கிறது. வழக்கு இல்லை என்றால் குற்ற நோக்கம் இல்லை, அவ்வளவே. ஷெரிஃப் ஆட்கள் சேனியிடம் வாக்குமூலம் வாங்கியதே மறுநாள் காலையில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துறை கொடுத்தது ஓர் எச்சரிக்கைச் சீட்டு. அதுவும் 7 டாலர் பறவை வேட்டை முத்திரை வாங்காததற்கு!

ஸ்காபரோ சிவா:
முத்து அண்ணை, சேனியின்ர துப்பாக்கியைப் பற்றி "28 கேஜ் சின்னத் துவக்குத்தானே" எண்டு அந்தப் பழைய இழையில நீங்கள் எழுதினதைப் பார்த்தன். அதிலதான் எனக்குப் பிரச்சினை. கேஜ் எண்டால் குழலின்ர அளவு, எண் கூடினால் குழல் சிறுசு. 28 கேஜின் குழல் விட்டம் 0.55 அங்குலம். வழக்கமான தோட்டாவில முக்கால் அவுன்ஸ், ஏறக்குறைய 21 கிராம் ஈயம். சேனி பாவிச்சது ஏழரை நம்பர் சன்னம் (ரவை), ஒவ்வொண்டும் 2.4 மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால் ஒரு தோட்டாவில 260 சன்னம் வருது. 30 கஜத்தில அது அகண்டு போயிருக்கும், ஆனால் தோலையும் தசையையும் துளைக்கிற வேகம் இன்னும் இருக்கும். விட்டிங்டனுக்கு மூண்டாம் நாள் ஒரு சன்னம் இதயத்துக்குப் பக்கத்தில போய் மாரடைப்பே வந்தது. சின்னத் துவக்கெண்டு ஒண்டும் இல்லை.

அவர் ஆரஞ்சு மேலாடை போட்டுத்தான் இருந்தவர். அதால உடுப்பு பிரயோசனமில்லை எண்டு சிலபேர் சொல்லுவினம். இங்க ஒன்ராறியோவில மான் சுடுற காலத்தில இடுப்புக்கு மேல 400 சதுர அங்குலம் ஆரஞ்சும் தலைக்குத் தொப்பியும் கட்டாயம். அது ஆளை மானெண்டு நினைச்சுச் சுடுற விபத்தைத் தடுக்கத்தான். மானுக்கு அந்த நிறம் எடுப்பாத் தெரியாது, மனிசருக்குத் தெரியும். ஆனால் பறக்கிற பறவையில கண்ணைக் குத்திவைச்சுச் சுழலுறவனுக்குப் பறவையைத் தவிர ஒண்டுமே தெரியாது, ஆரஞ்சும் சேர்த்து. நோய் வேற, மருந்து வேற.

பட்டறை:
எல்லாரும் ஒழுக்கம் ஒழுக்கம் என்கிறீர்கள். ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கிற கதையை யாரும் பேசக் காணோம்.

ரெமிங்டன் 700 ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வாக்கர் ட்ரிகர் அமைப்பில் ட்ரிகருக்கும் சியருக்கும் (சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) நடுவே கனெக்டர் என்று ஒரு சின்னத் தகடு உண்டு. அது ட்ரிகரோடு பொருத்தப்பட்டதல்ல, ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பது. ஒவ்வொரு முறை சுடும்போதும் விலகித் திரும்ப வர வேண்டும். இடையில் தூசியோ, காய்ந்து பிசினான எண்ணெயோ, பனிக்கட்டியோ சிக்கினால் முழுசாகத் திரும்பாது. அப்போது சியரைத் தாங்க ஆளில்லை, சேஃப்டி என்கிற பாதுகாப்புப் பூட்டு மட்டுமே தாங்கும். சேஃப்டியைத் தள்ளிய கணமே வெடிக்கும். இன்னொரு கொடுமை, 1982-க்கு முந்தைய துப்பாக்கிகளில் சேஃப்டி போட்டால் போல்ட்டும் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு) பூட்டிக்கொள்ளும். தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமென்றாலே சேஃப்டியை விலக்கித்தான் ஆக வேண்டும்.

2000-இல் மொன்டானாவில் ஒரு தாய் அப்படித் தோட்டா எடுக்கப் போனபோது குண்டு குதிரை ட்ரெய்லரைத் துளைத்து, அந்தப் பக்கம் நின்ற ஒன்பது வயது மகன்மேல் பாய்ந்து பையன் இறந்துபோனான். பின்னாளில் ரெமிங்டன் கம்பெனிமேல் போட்ட வழக்கில் வந்த சமரசத் தீர்வில் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள் அடங்கின. இங்கே பொறுப்பு ட்ரிகரில் விரல் வைத்தவருக்கா? விரலே வைக்கவில்லையே.

குறிஞ்சி:
பட்டறை அண்ணே, அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தயாரிப்புக் குறை கம்பெனியின் தலையில்தான். ஆனால் சேனி வழக்கில் துப்பாக்கி ஒழுங்காகவே வேலை செய்தது, அதுதான் சிக்கல். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். சேஃப்டியை நம்பாதே என்பதற்கு உங்கள் உதாரணம் நல்ல சாட்சி, அதை எடுத்துக்கொள்கிறேன்.

பட்டறை:
சேஃப்டி பற்றி ஒரு வரி. பெரும்பாலான ஷாட்கன்களில் அது ட்ரிகரை மட்டும் பூட்டும், சுத்தியலையோ சியரையோ பூட்டாது. துப்பாக்கி கீழே விழுந்து அதிர்ந்தால் சியர் நழுவலாம். அதனால்தான் வேலி தாண்டுமுன் குழலை மடித்துத் திறந்து, தோட்டாவை எடுத்து, துப்பாக்கியை முதலில் வேலிக்கு அடியில், வாய் அந்தப் பக்கம் இருக்கும்படி தள்ளிவிட்டு, பிறகு வேறு இடத்தில் ஆள் தாண்ட வேண்டும் என்பது.

தோட்டாவைக் கலக்கவும் கூடாது. 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தது அழகுக்கு அல்ல. 12 கேஜ் துப்பாக்கியில் அதைப் போட்டால் சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) தாண்டி வழுக்கிக் குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். காலியாக இருக்கிறது என்று நினைத்துப் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கிழியும், முன்னால் பிடித்த கையும் போகும். பையில் ஒரே கேஜ் மட்டும் வையுங்கள்.

ஸ்காபரோ சிவா:
கனடாவில துவக்குப் பாதுகாப்புப் பாடத்தில சொல்லித்தாற ஒழுங்கு இதுதான்: துவக்கின்ர வாயைப் பாதுகாப்பான பக்கம் வை, எல்லாத் தோட்டாவையும் எடு, சேம்பரைப் பார், தோட்டா வாற வழியைச் சரிபார், கடைசியாக் குழலுக்குள்ள பார். ஆனால் டெக்சாஸில 1971 செப்ரெம்பர் 2-க்கு முன்னம் பிறந்தவைக்கு வேட்டைப் பயிற்சிச் சான்று தேவையில்லை. சேனிக்கும் விட்டிங்டனுக்கும் வயதாலேயே விலக்கு. ரெண்டு பேரும் பிழை விட்டதுக்கு இதையும் ஒரு காரணமாச் சேர்க்கலாம்.

ஆஸ்டின் முத்து:
இது புதுத் தகவல் இல்லை, ஆனால் சரியான இடத்தில் விழுந்தது. இருந்தாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. வரிசையில் இருந்து ஒருவர் பறவை எடுக்கப் போனால் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்? காத்திருந்தால் விட்டிங்டன் பின்னால் வரும் நிலையே வந்திருக்காதே. அதைத் தீர்மானிப்பது வழிகாட்டியா, மூத்தவரா?

குறிஞ்சி:
யார் என்பதைக் காலையில் கிளம்பும்போதே ஒருவர் பெயரில் சொல்லிவிட வேண்டும். அவர் கை உயர்த்தினால் எல்லாரும் நிற்க வேண்டும், குழலை மடித்துத் தோட்டாவைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், போனவர் வரிசைக்குத் திரும்பி நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த அடி. குரலை நம்பாதீர்கள், எதிர்க்காற்றில், காதில் அடைப்பான் வைத்திருப்பவருக்கு 100 கஜத்தில் எதுவும் கேட்காது. அங்கே சேனி நகர்ந்ததும் பிசகு, விட்டிங்டன் பின்பக்கமாக ஏறியதும் பிசகு, நகரவிட்டவரும் பிசகு. நீங்கள் பாதிக்கு மேல் என்று விட்டிங்டன்மேல் ஏற்றினீர்களே, அதைத்தான் நான் மறுக்கிறேன்.

ஆஸ்டின் முத்து:
பாதிக்குக் கீழே என்றால் சம்மதம். குரல் கொடுக்கும் விதியை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.