புதுப்பிப்பு: பகடைக்குப் பதில் சீட்டு, எடுபட்டது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: டி அண்ட் டி (Dungeons & Dragons, பாத்திரம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டு) 5ஆம் பதிப்பில் பாத்திரத்தின் வலிமை, அறிவு போன்ற ஆறு திறன்களுக்கும் எண் போட, ஒவ்வொன்றுக்கும் 4 பகடை உருட்டிச் சிறியதைக் கழித்தால், ஒருவருக்கு 18, 16 விழுகிறது, இன்னொருவருக்கு 11ஐத் தாண்டவே இல்லை. 27 புள்ளி முறையும் (ஆளுக்கு 27 புள்ளி, அதைச் செலவழித்துத் திறன் எண்களை வாங்குவது) வேண்டாம், எல்லாரும் ஒரே அச்சாக வருவார்கள்.

சீட்டுக்கட்டு யோசனைதான் வேலை செய்தது. 6, 5, 4 ஒவ்வொன்றிலும் நான்கு, 3இல் மூன்று, 2இல் இரண்டு, ஏஸ் (1 என்று கணக்கு) ஒன்று. ஆக 18 சீட்டு. கலைத்து, கவிழ்த்தபடியே மும்மூன்றாக ஆறு குவியல் போட்டுத் திறக்கவும்; ஒவ்வொரு குவியலின் கூட்டலும் ஒரு திறனின் எண். அடுத்தவருக்கு அதே 18ஐயும் மறுபடி கலைக்கவும். யார் போட்டாலும் கூட்டுத்தொகை 74; பகடை முறையின் சராசரியும் 73.5 பக்கம்தான்.

திறந்தபின் சீட்டை இடம் மாற்ற விடாதீர்கள். விட்டால் 18, 16, 14, 12, 9, 5 என்று அடுக்கிவிடுவார்கள் (அடுக்கினார்கள்!). எந்தக் குவியல் எந்தத் திறனுக்கு என்பது மட்டும் அவரவர் விருப்பம்.

எதிர்பாராதது ஒன்று: தொகை ஒன்றானாலும் மாடிஃபையர் (திறன் எண்ணிலிருந்து கிடைப்பது; ஆட்டத்தில் பகடை உருட்டும்போது கூட்டிக்கொள்வது) ஒன்றாவதில்லை. 12க்கும் 13க்கும் அதே +1தானே. ஒற்றைப்படை இரண்டு வந்தால் ஒரு +1 போச்சு. அதனால் ஆறின் மொத்தம் +4 முதல் +7 வரை மாறும். +4 வந்தவர் மட்டும் ஒருமுறை மறுபடி கலைக்கலாம் என்று வைத்திருக்கிறோம்.