1500டியா, டி3500ஆ? பெட்டி மேல் அச்சிடாத வித்தியாசங்கள்

முதல் டிஎஸ்எல்ஆர், பட்ஜெட்டும் இறுக்கம் என்று வருபவர்கள் சுற்றிச் சுற்றி இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள்: கேனான் 1500டி, நிக்கான் டி3500. இரண்டும் 2018ல் வந்தவை. இரண்டிலும் ஏபிஎஸ்-சி எனும் சின்ன அளவு சென்சார், 24 மெகாபிக்சல், எட்டாத மூலைக்குத் திருப்ப முடியாத திரை. டி3500 தயாரிப்பை நிக்கான் நிறுத்திவிட்டதால் அது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்தான். 1500டி சீல் பிரிக்காத பெட்டியாகவும் கண்ணில் படுகிறது. இரண்டையும் கையாண்டவர்கள், எங்கே இடிக்கும் என்று எழுதுங்கள். எந்த பிராண்டு உசத்தி என்ற சண்டை வேண்டாம்.

*

1500டி வாங்குமுன் அதன் தலையில் இருக்கும் ஹாட் ஷூவை (வெளி ஃபிளாஷ் மாட்டும் தடம்) குனிந்து பாருங்கள். நடுவில் இருக்க வேண்டிய பெரிய வட்டத் தொடுமுனை இருக்காது. கேனான் ஃபிளாஷோடு பேசும் சின்ன முனைகள் மட்டும்தான். 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றிலும் இதே கதை. பழைய 1300டி, முதல் 200டி இரண்டிலும் நடுமுனை உண்டு.

நஷ்டம் எங்கே என்றால், விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷ்களும் சாதா ரேடியோ டிரிகர்களும் (தள்ளி வைத்த ஃபிளாஷைத் தூண்டும் கருவி) அந்த ஒரு முனையை நம்பித்தான் அடிக்கின்றன. 1500டியில் மாட்டினால் அசையாது. ஃபிளாஷ் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறார்கள்; கெட்டது எதுவும் இல்லை. கேனான் டிடிஎல் (ஃபிளாஷ் அளவைக் கேமராவே அளந்து சொல்லும் முறை) தெரிந்த டிரிகர்களில் சில வேலை செய்யும். இந்த பாடியிலேயே மாட்டி, அடித்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

கையில் ஏற்கெனவே மேனுவல் ஃபிளாஷ் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. அதை ஆப்டிகல் ஸ்லேவ் (வேறொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டு தானும் அடிப்பது) ஆக்கி, கேமராவின் சொந்தக் குட்டி ஃபிளாஷால் தூண்டலாம். ஆனால் ஃபிளாஷின் எஸ்1, எஸ்2 என்ற இரண்டு ஸ்லேவ் நிலைகளில் எஸ்1ல் வைக்கக் கூடாது. கேமரா அளவு பார்க்க ஒரு முன்-ஃபிளாஷ் விடும். எஸ்1 அதற்கே அடித்துத் தீர்த்துவிடும், ஷட்டர் திறக்கும்போது வெளிச்சம் இருக்காது. எஸ்2 முதல் அடியைக் கண்டுகொள்ளாமல் இரண்டாவதுக்கு அடிக்கும். அறைக்குள் இது போதும். வெயிலில் ஸ்லேவின் கண்ணுக்கு அந்தக் குட்டி வெளிச்சம் தெரியாது.

டி3500ல் நடுமுனை இருக்கிறது. எந்த மலிவு டிரிகரும் ஓடும், ஷட்டர் வேகம் 1/200 நொடி வரை.

*

ஃபிளாஷில் நிக்கான் ஜெயித்தது சரி, லென்ஸில் அங்கேதான் கண்ணி. டி3000, டி5000 வரிசை பாடிகள் எதிலும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ். பழைய சந்தையில் 50 மி.மீ எஃப்1.8 'டி' லென்ஸ் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், வளையத்தைக் கையால் திருக வேண்டியதுதான். லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'ஏஎஃப்' என்றால் விட்டுவிடுங்கள். கேனானில் இந்தத் தலைவலி இல்லை. 1987ல் இஎஃப் மவுண்ட் வந்த நாளிலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள்தான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கச் சிக்கல் ஒன்றும் உண்டு. டி3500 கிட்டில் (பாடியும் லென்ஸும் சேர்ந்த பெட்டி) வரும் 18-55 ஏஎஃப்-பி லென்ஸைக் கழற்றி டி3100, டி3200, டி5100, டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் மாட்டினால் ஃபோகஸே ஆகாது, மேனுவலாகவும் ஆகாது. வளையமே மின்சாரத்தில் ஓடுவது. டி3300, டி5300 இரண்டிலும் ஃபர்ம்வேர் புதுப்பித்தால் ஓடும். பாடி ஒரு இடம், லென்ஸ் ஒரு இடம் என்று தனித்தனியாகப் பொறுக்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

*

'டபுள் கிட்' (இரண்டு லென்ஸ் சேர்ந்தது) என்ற பேச்சில் மயங்க வேண்டாம். கேனான் கிட்டில் 75-300 இருந்தால் அதில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இல்லை. 300 முனையில் படம் மசமசவென்றுதான் இருக்கும். அந்தக் காசுக்குப் பழைய 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் தேடுங்கள், தரத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. 18-55லும் பெயரை முழுதாகப் படிக்க வேண்டும்: 'ஐஎஸ் 2' என்றால் ஸ்டெபிலைசர் உண்டு, 'டிசி 3' என்றால் இல்லை. நிக்கானில் 18-55, 70-300 இரண்டுமே விஆர் (நிக்கானின் ஸ்டெபிலைசர்) உள்ளது, இல்லாதது என இரு வகையாக வந்தன. டிஎக்ஸ் (சின்ன சென்சாருக்கான) ஏஎஃப்-பி லென்ஸின் உடம்பில் விஆர் பொத்தான் கிடையாது, அதனால் பொத்தானைத் தேடிப் பயனில்லை. லென்ஸின் மேல் விஆர் என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் சாட்சி.

மிச்சக் காசில் ஒரு எஃப்1.8 லென்ஸ் வாங்குங்கள்; எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். மண்டப வெளிச்சத்தில் 55 மி.மீ, எஃப்5.6, ஐஎஸ்ஓ 1600ல் 1/30 நொடி கிடைக்கிறது என்று வையுங்கள். அதே ஐஎஸ்ஓவில் எஃப்1.8 திறந்தால் 1/300 பக்கம் போகும். பாடியை மாற்றி இந்தப் பத்து மடங்கை யாரும் தர முடியாது. கேனானுக்கு 50 மி.மீ எஃப்1.8 எஸ்டிஎம் மலிவு, ஆனால் சின்ன சென்சாரின் 1.6 கிராப்பில் அது 80 மி.மீ போல் நடந்துகொள்ளும். சின்ன அறையில் நான்கு பேரை அடக்க முடியாது. நிக்கானுக்கு 35 மி.மீ எஃப்1.8ஜி டிஎக்ஸ் இருக்கிறது, 52 போல் வரும், வீட்டுக்குள் கச்சிதம். கேனானில் இதற்கு நேர் ஜோடி மலிவாக இல்லை. 24 மி.மீ எஃப்2.8 பான்கேக்கோடு (தட்டையான லென்ஸ்) சமாதானமாக வேண்டும்.

*

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் மெஷின் என்று பார்த்தால் என் ஓட்டு டி3500க்கு. நொடிக்கு 5 படம், 1500டி 3. பேட்டரி நிறுவனக் கணக்கில் 1,550 படம், 1500டிக்கு 500. கல்யாண வீட்டில் இரண்டாவது பேட்டரி வாங்கும் செலவு இங்கேயே மிச்சம். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) இருட்டுப் பகுதியை மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு, தூக்கிப் பாருங்கள்: நிக்கானில் நிறம் நிற்கும், 1500டியில் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். ஜேபெக் மட்டும் எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

ஃபோகஸில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. டி3500ல் 11 புள்ளி, 1500டியில் 9, ஆனால் கிராஸ் டைப் (குறுக்கும் நெடுக்கும் பார்ப்பது) இரண்டிலும் நடுப்புள்ளி மட்டும்தான். மங்கிய வெளிச்சத்தில் நடுவை மட்டும் வைத்துப் பூட்டிக்கொண்டு ஃபிரேமை நகர்த்துங்கள். எஃப்1.8ல் முகம் மிகக் கிட்டே இருந்தால் அந்த நகர்த்தலிலேயே கண் ஷார்ப்பாக இல்லாமல் காது ஷார்ப்பாகிவிடும், எஃப்2.8க்கு இறங்கிவிடுங்கள். ஃபோகஸ் தொடர்ந்து முன்னோ பின்னோ விழுந்தால் மெனுவில் திருத்தும் வசதி இரண்டிலும் இல்லை, சர்வீஸ் சென்டர்தான்.

டி3500ன் குறை: ரிமோட் சொருகும் துளையே கிடையாது, பழைய மாடல்களில் இருந்த இன்ஃப்ராரெட் கண்ணும் போய்விட்டது. டிரைபாட் வேலைக்கு செல்ஃப் டைமரை 2 நொடியில் வைத்து, ஷட்டரை 30 நொடி வரை திறந்து வைக்கலாம்.  1500டியில் 2.5 மி.மீ துளை உண்டு, மலிவு ஒயர் ரிமோட் போதும்.

*

வீடியோதான் முக்கியம் என்றால் இரண்டுமே வேண்டாம். மைக் துளை இரண்டிலும் இல்லை, லைவ் வியூவில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். செகண்ட் ஹேண்டில் 2017ன் 200டி பாருங்கள். டூயல் பிக்சல் ஃபோகஸ், திரும்பும் டச் திரை, மைக் துளை, ஹாட் ஷூவில் நடுமுனை, எல்லாம் உண்டு.

*

பழையது வாங்கப் போகிறவர்கள் கையில் எடுத்துப் போக வேண்டியவை: சொந்த மெமரி கார்டு, டார்ச் லைட், லேப்டாப்.

ஷட்டர் கணக்கு (ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்தது): நிக்கானில் அப்போதே ஒரு ஜேபெக் எடுத்து எக்ஸிஃப் (படத்தோடு பதிவாகும் கேமரா தகவல்) பார்க்கும் செயலியில் திறந்தால் எண் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் உதவாது, அந்தத் தகவலெல்லாம் உதிர்ந்துவிடும். டி3500 ஷட்டரை நிக்கான் 1,00,000 தடவைக்குச் சோதித்ததாகச் சொல்கிறது. 1500டி தன் எண்ணைப் படத்தில் எழுதாது. கேபிள் போட்டு கணினி மென்பொருளில் படிக்க வேண்டும், விற்பவர் முரண்டு பிடித்தால் விலையில் குறையுங்கள்.

1/4000ல் வெள்ளைச் சுவரை எடுங்கள். ஒரு ஓரம் கறுத்தால் ஷட்டர் திரை தளர்ந்திருக்கிறது, வாங்காதீர்கள். அதே சுவரை எஃப்22ல், ஃபோகஸை வேண்டுமென்றே கெடுத்து எடுத்தால் சென்சார் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். இந்த இரண்டு மாடலிலும் சென்சாரை உதறிச் சுத்தம் செய்யும் ஏற்பாடு இல்லாததால் புள்ளி இருப்பது சகஜம். பேட்டரியை முழுதாக ஏற்றி, மெனுவில் கண்ணாடியைத் தூக்கி, லென்ஸ் கழற்றிய கேமராவின் வாயைத் தரை பார்க்கப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதினால் பெரும்பாலும் போய்விடும். அழுத்தக் காற்று டப்பா வேண்டாம், திரவம் தெறிக்கும்.

பிறகு லென்ஸ். பின்பக்கத்திலிருந்து லைட் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கடலோர ஊர் லென்ஸ்களில் இது சாதாரணம், உள்ளே போய்விட்டால் சுத்தம் செய்யும் கூலி கிட் லென்ஸ் விலையைத் தொடும். தூசி நாலைந்து இருந்தால் கவலையில்லை.

*

வாங்கி வந்ததும் தோல் பைக்குள் பூட்டி வைக்காதீர்கள், ஈரம் அங்கேதான் தங்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40-50 சதவீதத்தில் நின்றால் போதும். அதற்கும் கீழே வெகுநாள் விட வேண்டாம். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். சமையலுக்கு எடுக்கும் வாணலியில் வேண்டாம். கார்டுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள், இரண்டு பாடியும் யூஎச்எஸ்-2 எனும் அதிவேகக் கார்டுகளின் வேகத்தைப் பயன்படுத்தாது. 64 ஜிபி ஒன்றுக்குப் பதில் 32 ஜிபி இரண்டு வாங்குங்கள், ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும்.