தம்பியை மனநல மருத்துவரிடம் எப்படி அழைத்துப் போவது?

மழைக்காகிதம்:
தம்பிக்கு வயது 26. மூன்று மாதமாக ராத்திரி தூங்குவதில்லை, சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறான், போன் அடித்தால் கவிழ்த்து வைத்துவிடுகிறான். டாக்டரைப் பார்க்கலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "அப்போ எனக்குப் பைத்தியம்னு முடிவே பண்ணிட்டியாக்கா?" என்றான், அதோடு என்னிடம் பேச்சும் குறைந்துவிட்டது. அம்மாவோ நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆவது என்கிறார். என்ன செய்யட்டும்?

திண்ணை:
தூக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். தூக்கம் வரவில்லை என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. முதலில் வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே போகலாம், தைராய்டு குறைந்தாலும் இதே மாதிரி சோர்வும் மனவாட்டமும் வரும் என்பதால் அவர் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார்.

அரைநிலா:
சரிதான், ஆனால் ஏமாற்றி மட்டும் கூட்டிப் போகாதீர்கள். என்னை அப்படித்தான், தலைவலிக்கு என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள், வாசலில் போர்டைப் பார்த்ததும் வந்த ஆத்திரத்தில் ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் நானாகவே போனேன். மாத்திரையை வைட்டமின் டப்பாவில் ஒளித்து வைத்துச் சாப்பிட்டேன், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மனச்சோர்வு மாத்திரை உடனே கேட்காது, சில வாரம் ஆகும், ஆனால் வயிற்றுப் புரட்டல் முதல் வாரமே வந்துவிடும். அது தெரியாமல் பாதியில் நிறுத்தி அவதிப்பட்டேன். நிறுத்துவதென்றாலும் டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாத்திரையே வேண்டாம் என்றால் மனநல நிபுணரிடம் மனம்விட்டுப் பேசிப் பெறும் பேச்சு சிகிச்சையும் இருக்கிறது, லேசான மனச்சோர்வுக்குப் பல சமயம் அதுவே போதும்.

கூழாங்கல்:
அம்மாவுக்கு ஒரு வார்த்தை. உலகத்தில் எட்டில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் சொல்கிறது. அவர் பயப்படும் அந்த நாலு பேர் வீட்டிலும் இருக்கும், சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.
இன்னொன்று, வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஏதாவது சொல்கிறானா? சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

மழைக்காகிதம்:
கேட்டேன். அந்த மாதிரி எண்ணம் இல்லை என்றான், ரொம்ப நேரம் அழுதான். தூக்கத்துக்காக வேண்டுமானால் வருகிறேன் என்கிறான். அங்கே மனசைப் பற்றியும் கேட்பார்கள் என்று மறைக்காமல் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை போகிறோம். ஒரே கண்டிஷன், நான் வெளியேதான் உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.