ரேபிஸ் வைரஸ் ஒரே தாவலில் ஏன் நின்றுவிடுகிறது?

செமினார்_பயம்:
வியாழக்கிழமை எனக்கு செமினார். எலி மூளையில் ஒரு நரம்பணுவுக்கு யார் யார் செய்தி அனுப்புகிறார்கள் என்று ரேபிஸ் வைரஸை விட்டே கண்டுபிடிக்கும் முறை. 2007-இல் விக்கர்ஷாம், கேலவே குழுவினர் வெளியிட்டது. வெறிநாய் கடித்தால் வைரஸ் நரம்பு நரம்பாகத் தாவி மூளை முழுக்கப் பரவுமே, இங்கே மட்டும் எப்படி ஒரு தாவலோடு நிற்கிறது?

கிரையோஸ்டாட்_கை:
நாலு வருடம் எலி மூளையைச் சீவிச் சீவியே கை மரத்துப்போனவன் நான், சொல்கிறேன்.

ரேபிஸுக்கு மொத்தம் ஐந்தே மரபணுக்கள். அதில் 'ஜி' என்பது மேலுறைப் புரதத்துக்கானது. அது இல்லாவிட்டால் அடுத்த அணுவுக்குள் நுழைய முடியாது. அதை வெட்டிவிட்டு அங்கே பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை வைக்கிறோம். நாம் தேர்ந்தெடுத்த அணுவுக்கு மட்டும் ஏஏவி என்ற இன்னொரு வைரஸ் மூலம் 'ஜி'-யைக் கொடுத்துவிடுவோம். ரேபிஸ் அங்கே அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, அதற்குச் செய்தி அனுப்பும் அணுக்களுக்குப் பின்னோக்கித் தாவும். போன இடத்தில் சட்டை கிடையாது. உள்ளேயே பெருகி ஒளிரும், அவ்வளவுதான்.

சந்தேகப்பிராணி:
ஊசி போட்ட இடத்தில் கண்ட அணுவிலும் வைரஸ் புகுந்துவிடாதா?

கிரையோஸ்டாட்_கை:
அதற்குத்தான் பறவை வைரஸின் 'என்வ்ஏ' உறையைப் போர்த்தி அனுப்புகிறோம். அது நுழையும் வாசல் 'டிவிஏ', பாலூட்டிகளில் கிடையாது. 'க்ரீ' என்ற நொதி நாம் தேர்ந்தெடுத்த அணுக்களில் மட்டும் இருக்கும்படி மரபணு மாற்றிய எலிகள் உண்டு. அந்த 'க்ரீ' உள்ள அணுக்களில் மட்டும், ஏஏவி மூலமே, அந்த வாசலைத் திறக்கிறோம்.

ஆனால் நான் ஏமாந்ததும் இதே இடத்தில்தான். ஊசித் தடத்தைச் சுற்றிக் கொத்தாகப் பச்சை அணுக்கள். அக்கம்பக்கத்து இணைப்பெல்லாம் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். ஆய்வகத்து அக்கா, "க்ரீ இல்லாத எலியில் போட்டுப் பார்த்தாயா?" என்றார். போட்டேன். அங்கேயும் அதே கொத்து! க்ரீ இல்லாமலே டிவிஏ துளியளவு உருவாகிக் கசியும். வைரஸ் நுழைய அந்தத் துளி போதும். தொலைவில் ஒளிர்பவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை, டிவிஏ-வைச் சுமக்கும் ஏஏவி அங்கே போயிருக்காது. கசிவைக் குறைக்கத் திருத்திய டிவிஏ பிறகு வந்தது. உங்கள் செமினாரில் யாராவது கேட்பார்கள், தயாராகப் போங்கள்.

இன்னொன்று, ஒளிராத அணு இணைப்பில்லாத அணு என்று சொல்லிவிடாதீர்கள். செய்தி அனுப்புபவற்றில் ஒரு பங்குதான் மாட்டும்.

செமினார்_பயம்:
நன்றி அண்ணா! கையாள பயமாக இல்லையா?

கிரையோஸ்டாட்_கை:
பெரும்பாலும் எஸ்ஏடி பி19 ரகம்தான். ஐரோப்பாவில் நரிகளுக்குத் தீனியில் வைத்துப் போட்ட தடுப்பு மருந்து. 'ஜி' வேறு இல்லை. இருந்தாலும் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன். அணுக்களுக்குத்தான் பாவம், ரெண்டு மூணு வாரத்தில் சாக ஆரம்பித்துவிடும். அதனால் ஒரு வாரத்திலேயே மூளையை எடுத்துவிடுவோம்.