புதுப்பிப்பு: கிணற்று மோட்டாரின் மொபைல் ஸ்டார்ட்டர் வேலை செய்கிறது

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்து மொபைல் ஸ்டார்ட்டருக்கு (போன் மூலமே மோட்டாரைப் போட உதவும், சிம் உள்ள கருவி) போன் போட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றே வருகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் சிம்மை மாற்றினேன். இந்த ஸ்டார்ட்டர் 2ஜி மட்டுமே பிடிக்கும். நான் போட்டிருந்தது 4ஜி மட்டும் உள்ள சிம். 2ஜி சிம் போட்டதும் மணி அடித்தது. ஆனால் ஸ்டார்ட்டர் இருக்கும் பெட்டிக் கதவைச் சாத்தினால் மறுபடி சிக்னல் போய்விட்டது.

முழுதாகத் தீர்த்தது "ஆண்டெனாவை வெளியே எடுங்க" என்ற யோசனைதான். இரும்புப் பெட்டி சிக்னலை மறைத்துவிடுகிறது. 3 மீட்டர் வயருள்ள ஆண்டெனா வாங்கி, சாளை (தோட்டத்து வீடு) ஓட்டுக்கு மேலே குழாயில் கட்டினேன். வயர் போகும் ஓட்டையை மறக்காமல் அடைத்துவிடுங்கள், பல்லி புகுந்துவிடும்.

எதிர்பாராதது ஒன்று. நாலாம் நாள் மறுபடி லைன் கிடைக்கவில்லை. பார்த்தால் ரீசார்ஜ் முடிந்திருந்தது. வேலிடிட்டி போனால் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடுகிறது. அடுத்த தேதியைப் பெட்டிக் கதவிலேயே சாக்பீஸால் எழுதிவிட்டேன்.

நேற்று ராத்திரி 2 மணிக்கு மும்முனை கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்டரே அப்பாருவை (தாத்தாவை) போனில் கூப்பிட்டது. 78 வயசில் டார்ச்சோடு வரப்பில் நடக்காமல், கட்டிலில் இருந்தபடியே மோட்டாரைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.